காயாத உருண்டை

பதினோரு மாதம் ஒரு சாவியை என்னிடம் வைத்திருந்தேன். அது என்னுடையது இல்லை. அந்தச் சாவியைத் தேடி ஒரு பெண் தன் வீட்டுப் பின்பக்கத்துக் கருவேல முள்ளுக்குள் நாலு நாள் கையைக் கிழித்துக்கொண்டாள். அது தெரிந்தும் வைத்திருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதில் இடம் இல்லை, அதற்கு நான் முயலப்போவதும் இல்லை.

விருத்தாசலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பீங்கான் கம்பெனிகளில் ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற சின்ன யூனிட். சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மண்ணையும் கல்லையும் தண்ணீர் விட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை ஒன்று எங்களிடம் உண்டு. டிரம் என்போம். அதை ஓட்டியவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மதியம் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுவோம். கோவில் திருவிழா, மகளின் காலேஜ், பஸ் நெரிசல், இப்படித்தான் பேச்சு போகும். அவருடைய மனைவி அனுப்பும் மாங்காய் ஊறுகாயில் பாதி என் டப்பாவுக்கு வந்துவிடும்.

டிரம்முக்கு உள்ளே பதித்திருக்கும் கற்கள் தேய்ந்துபோனால் ஆள் உள்ளே இறங்கித்தான் மாற்ற வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் முடிந்தது கதை. அதனால் எங்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. இறங்குகிறவன் பியூஸ் கட்டையைத் தானே பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இன்னொருவன் டிரம் வாயில் நின்று ஒரு கூழாங்கல்லால் அவ்வப்போது இரும்பைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் பதிலுக்குத் தட்டுவான். பதில் வராவிட்டால் யோசிக்காமல் ஆளை வெளியே இழுக்க வேண்டும். தூசியிலும் வெக்கையிலும் மயங்கிவிழுந்தவர்கள் உண்டு. அண்ணன் இதில் ரொம்பக் கறார். ஒருமுறை அவர் தட்டிக்கொண்டு நிற்கும்போது முதலாளியே கூப்பிட்டார். "உள்ள ஆளு இருக்குதுங்க, வரமாட்டேன்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அந்த மனிதர்தான் தன் வீட்டில், தனியாக, தட்டுவதற்கு ஒருவரும் இல்லாமல் செத்துப்போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். அவருடைய மனைவியும் மகளும் சேத்தியாத்தோப்பில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை காலை அவர் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நேத்திலேர்ந்து போனு எடுக்க மாட்றாரு. நீங்க கொஞ்சம் வூட்டாண்ட போயிப் பாருங்களேன். மழைக்கு அவருக்கு வீசிங் வேற வரும்."

டிரம் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த இழுப்பு உண்டு. நான் டூல் பையோடு போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து தாழ்ப்பாளை உடைத்தோம். அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குப்புறச் சரிந்து கிடந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னச் சங்கிலியில் பூட்டியிருந்தன. உடம்பு விறைத்துச் சில்லிட்டுக் கிடந்தது. இன்ஹேலர் எதிரே அலமாரித் தட்டில் இருந்தது. எழுந்து நடந்தால் மூன்று எட்டு. இதற்கு மேல் அந்த அறையைப் பற்றி எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர், "யாரோ கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்கப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு உள்ளே நுழைந்ததுமே புரிந்துவிட்டது. யாரும் கட்டிப்போடவில்லை. ஏனென்றால் நானும் அதைச் செய்கிறவன்.

சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷமாக, வீட்டில் தனியாக இருக்கும் நாளில், என்னை நானே கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு. அதில் உடம்புக்கு ஒரு சுகம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, கையைக் காலை அசைக்க முடியாமல் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற மோட்டார் நின்றுபோகும். அதற்காகத்தான் செய்தேன். என் மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிரிந்ததற்குக் காரணம் இதுவல்ல, அவளுக்கு இது தெரியவே தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்த ஊரிலேயே இப்படி ஒரு கிறுக்கு நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து என் டப்பாவில் ஊறுகாய் வைத்த மனிதரும் அப்படியே நினைத்திருப்பார்.

பக்கத்து வீட்டுக்காரரை ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டுத் தெருமுனையில் போய் நிற்கச் சொன்னேன். அவர் போன பிறகு அறையைப் பார்த்தேன். அண்ணன் எப்படி வெளியே வர நினைத்திருந்தார் என்பதைத்தான் என் கண் தேடியது. இந்தப் பழக்கம் உள்ளவன் உள்ளே போவதற்கு முன்னால் வெளியே வரும் வழியைத்தான் முதலில் யோசிப்பான்.

கட்டில் காலோரம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. கையை விட்டேன். அடியில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய களிமண் உருண்டை ஒன்று. மேலே வழவழவென்று இளகியிருந்தது, உள்ளே கெட்டியாக இருந்தது. கம்பெனி மண்தான், கை வைத்ததுமே தெரிந்தது. விரலால் அழுத்தினேன். நடுவில் சாவியின் வளையம் தட்டுப்பட்டது.

அவருடைய திட்டம் எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. சூளையில் சுடாத பச்சை மண் நன்றாகக் காய்ந்திருந்தால், தண்ணீரில் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிவிடும். எங்கள் கம்பெனியில் உடைந்த பச்சைச் சாமான்களை அப்படித்தான் தொட்டியில் போட்டு மறுபடி கரைப்போம். சாவியை உருண்டைக்குள் வைத்துக் காயவைத்துவிட்டால், கரைகிற வரைக்கும் பூட்டைத் திறக்க முடியாது. கரைந்ததும் பின்னால் பூட்டிய கையைப் பக்கெட்டில் விட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுகூட, அந்த இடத்தில், அந்த மனிதர் அப்படிக் கிடக்கும்போது, எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

பிறகு நான் செய்ததுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. பக்கெட்டுத் தண்ணீரைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். உருண்டையைத் துணியில் சுற்றி என் டூல் பைக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த உருண்டையை யாராவது பார்த்து, இது எதற்கு என்று கேட்டு, தெரிந்தவன் யார் என்று என் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்று பயந்தேன். என் மானத்தைத்தான் காப்பாற்றினேன்.

போலீஸ் வந்தது. கேட்ட முதல் கேள்வியே "சாவி எங்க?" என்பதுதான். அறை முழுக்கத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்ததால் வேறு ஆள் வந்திருக்க முடியாது என்று முடிவானது. கம்பி வைத்த ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. "பூட்டிக்கிட்டு ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பாரு" என்று ஒருவர் சொன்னார். நான் பக்கத்தில் டூல் பையோடு நின்றுகொண்டிருந்தேன். சங்கிலியை அறுத்ததும் நான்தான்.

உடம்பில் விஷம் எதுவும் இல்லை, மூச்சுத்திணறல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காகிதம் அப்படிச் சொன்னாலும் ஊர் வேறு விதமாகச் சொன்னது. ஊர் சொன்னதை அண்ணியும் நம்பினார். காரியத்தன்று என்னிடம் வந்து நின்று, அழாமல், மெதுவாகச் சொன்னார்.

"இழுப்பு வந்தா கையி தானா இன்ஹேலருக்குப் போயிடும் இல்ல தம்பி? அது போயிடக் கூடாதுன்னுதான் பூட்டிக்கிட்டாரு. மனசு மாறிடக் கூடாதுன்னு சாவியையும் தூக்கி எறிஞ்சிட்டாரு. எங்க மேல அவ்ளோ வெறுப்பா அவருக்கு? ஒரு நாளும் மூஞ்சியில காட்டலையே."

அந்தச் சாவி கிடைத்தால் எவ்வளவு தூரம் எறிந்தார் என்றாவது தெரியும் என்று நாலு நாள் முள்ளுக்குள் தேடியிருக்கிறார். கையில் கீறலைக் காட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் நெனைக்காதீங்க அண்ணி" என்றேன்.

உருண்டையை உடைக்காமல், அதே துணியோடு பரணில் வைத்தேன். தை மாதம் வரை என் பழக்கத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் மண்டைக்குள் ஒரு கேள்வி ஓயவில்லை. மண்ணில் பிறந்து வளர்ந்த மாதிரி இருந்த மனிதர் பிடித்த உருண்டை ஏன் கரையவில்லை என்பது. அது தெரிந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

கம்பெனியில் தள்ளிவிட்ட பழைய ஷிப்டு நோட்டு ஒன்றை எடுத்துவந்து சோதனை செய்ய ஆரம்பித்தேன். சோதனை எனக்குப் புதிதில்லை. முன்பும் செய்ததுண்டு, ஆனால் அரைகுறையாக. எலக்ட்ரீஷியன் புத்தி ஒருமுறை என்ன செய்தது என்றால், பழைய பேனலிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, கரண்டு இருக்கும் வரை சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கவும் கரண்டு போனதும் கீழே போடவும் செட் பண்ணினேன். எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு நாள் காலையிலேயே பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அதை நம்பி ஒன்பது மணிக்குக் கட்டிக்கொண்டு படுத்தேன். நான் சுவிட்சை அணைத்து அணைத்துப் பத்து முறை பார்த்தபோதெல்லாம் சாவி ஒழுங்காக விழுந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரண்டு போகவில்லை. பதினைந்து வருஷத்தில் கரண்டு போகாததற்காக நான் கண்ணீர் விட்டது அந்த ஒரு நாள்தான். பூட்டை மாட்டியிருந்த துணிப்பட்டையை வெட்டுவதற்குக் கைக்கு எட்டும்படி ஒரு கத்தரிக்கோலை நூலில் தொங்கவிட்டிருந்ததால் பிழைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் காந்தத்தைத் தூக்கிப் போட்டதுதான். எதில் தப்பு என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை.

இந்த முறை யோசித்தேன். பூட்டை என் கையில் போடவில்லை, மேஜைக் காலில் போட்டேன். சாவியை டம்ளர் தண்ணீரில் போட்டு ஐஸ் ஆக்கித் தொங்கவிட்டேன். ஒரு நாள் சீக்கிரம் விழுந்தது, மறுநாள் அதே டம்ளர் அதே தண்ணீர், ரொம்ப நேரம் விழவில்லை. முதல் நாள் வெயில், மறுநாள் மூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆன்லைனில் ஒரு டைமர் பூட்டு வாங்கினேன். பேட்டரி இறங்கியதும் அது திறக்காமலே உட்கார்ந்துகொண்டது. மேஜைக் கால் பொறுமையாக இருந்தது. அந்த இடத்தில் என் மணிக்கட்டு இருந்திருந்தால் என்று எழுதிவைத்தேன்.

மண்ணுக்கு வந்தேன். கம்பெனி மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து உருண்டை பிடித்து, பழைய சாவிகளை உள்ளே வைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். பங்குனியிலும் சித்திரையிலும் செய்தது அத்தனையும் அரைமணிக்குள் கரைந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அவரும் இப்படி ஒரு கோடைகாலம் முழுக்கச் சோதித்துப் பார்த்துத்தான் நம்பியிருப்பார் என்று அப்போது புரிந்தது. சோதிக்காமல் இறங்குகிற ஆள் இல்லை அவர்.

ஆடியில் திடீரென்று நாலு நாள் மழை. அப்போது இரண்டு உருண்டை பிடித்து வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகக் காய்ந்த மாதிரித் தெரிந்தது. தண்ணீரில் போட்டேன். மேல்தோல் கொஞ்சம் கழன்றது. மதியம் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன், மறுநாள் காலையும் பார்த்தேன். அப்படியே கிடந்தது.

காயாத மண் தண்ணீரில் கரையாது. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். காய்ந்த மண்தான் தண்ணீரை இழுத்து உடையும். உள்ளே ஈரம் இருந்தால் அதற்குத் தண்ணீர் தேவையில்லை, அது பாட்டுக்குக் கெட்டியாக இருக்கும். எங்கள் கம்பெனியில் இது தெரியாதவர் கிடையாது. அரை ஈரச் சாமானைத் தொட்டியில் போட்டால் அண்ணனே கத்துவார். காய்ந்ததா என்று பார்க்க வார்ப்பு வேலை செய்யும் பெண்கள் சாமானைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவரும் கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பார். ஆனால் ஐப்பசி மழையில் சுவரும் சில்லென்றிருக்கும், தலையணையும் சில்லென்றிருக்கும். எல்லாமே சில்லென்றிருக்கும்போது கன்னம் எதைச் சொல்லும்? அதனால் நிறத்தைப் பார்த்து நம்பியிருக்கிறார். வெள்ளையாக இருக்கிறது, போதும் என்று.

நோட்டில் கடைசியாகச் சில விஷயம் எழுதினேன். ஒரே வழியை நம்பக்கூடாது. இரண்டு வழி வைத்தால் இரண்டும் ஒரே காரணத்தால் கெடக்கூடாது. எந்தக் காலத்தில் செய்யப்போகிறோமோ அந்தக் காலத்திலேயே சோதிக்க வேண்டும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கிட்டே எதுவும் போகக்கூடாது. கை பின்னால் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது. இழுப்போ காய்ச்சலோ இருக்கிற நாளில் அந்த நினைப்பே கூடாது. இப்படி எழுதிக்கொண்டே வந்து, ஐஸ் வெயிலை நம்புகிறது, மண் காற்றை நம்புகிறது, டைமர் பேட்டரியை நம்புகிறது, எதையும் நம்பாமல் இருக்க வேண்டுமானால் வெளியே ஒரு ஆள் வேண்டும் என்று எழுதினேன். கூழாங்கல்லோடு நிற்கிற ஆள். அந்த வரிக்குப் பிறகு பேனா ஓடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நின்றிருக்கலாம். ஒரு போன் போதும். "முடிஞ்சிச்சா?" "முடிஞ்சிச்சி." அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நோட்டை மூடிவைத்துவிட்டு அன்று நன்றாக அழுதேன்.

காரணம் தெரிந்துவிட்டது. அப்போதும் நான் போகவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. போய்ச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தள்ளிப்போட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அண்ணியைப் பார்த்தேன். வருஷத் திதி அடுத்த மாதம் வருகிறதே, பழமலைநாதர் கோவில் எதிரே ஆற்றில் கொடுப்பீர்களா, கூட வரட்டுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"திதியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. நாங்க வேணாம்னு தானா போனவருக்கு என்னாத்துக்கு? எம்பொண்ணு அவங்கப்பா போட்டோவ சுவத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கா. நானும் நிமித்தி வைக்கல."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். அந்த மனிதர் வெளியே வருவதற்காக வெயிலில் உட்கார்ந்து எத்தனை உருண்டை பிடித்திருப்பார். சாவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை என்னிடம் "செவ்வாக்கிழமை அவுங்க வந்துடுவாங்க, மீனு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பியது அவர் மகள் இல்லை, நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து துணி முடிச்சை இறக்கினேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணியும் மகளும் இருந்தார்கள். மகள் காலேஜில் கடைசி வருஷம், விவரமான பெண். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். டீ போட எழுந்தவளை உட்காரச் சொன்னேன்.

முடிச்சை அவிழ்த்து உருண்டையைத் தரையில் வைத்தேன். பதினோரு மாதத்தில் அது சுண்ணாம்புக் கட்டியாகக் காய்ந்திருந்தது.

"சாவி வெளிய போவல அண்ணி. இதுக்குள்ள இருக்குது. பக்கெட்டுத் தண்ணியில கெடந்திச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சிட்டேன்" என்றேன்.

நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்கு இருந்த பழக்கம் என்ன என்பதை எவ்வளவு கண்ணியமாகச் சொல்ல முடியுமோ அப்படிச் சொன்னேன். அதில் இன்னொரு ஆளோ வேறு எதுவுமோ இல்லை என்றேன். சாவியை மண்ணுக்குள் வைத்தது திரும்பி வருவதற்குத்தான், மழையில் மண் காயவில்லை, அதற்குள் இழுப்பு வந்துவிட்டது என்றேன். நோட்டைத் திறந்து காட்டினேன். மகள் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, நான் பதினோரு மாதம் பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்புடித் தெரியும் சித்தப்பா?"

"நானும் அப்புடித்தாம்மா" என்றேன். "எனக்கும் அந்தப் பழக்கம் இருக்குது. அது வெளிய தெரிஞ்சிடும்னுதான் எடுத்து ஒளிச்சேன். அவருக்காக இல்ல."

அவள் நோட்டை மூடிக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணிதான் பேசினார். குரல் உயரவில்லை.

"நாலு நாளு முள்ளுல தேடுனேன். கீறலக் காட்டுனப்பவும் நீங்க பாத்துக்கிட்டுதான் நின்னீங்க."

"ஆமாங்க."

"எம்பொண்ணு அவங்கப்பாவத் திட்டாத நாளு இல்ல இந்த வருசத்துல. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

போலீஸில் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தரையில் இருந்த உருண்டையைக் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். நான் அழுத்திய இடத்துக்கு மறுபக்கம் அண்ணனின் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இன்னும் லேசாக இருந்தது. அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மகளிடம், "அந்தத் தண்ணிக் குண்டான எடுத்தா" என்றார்.

மகள் சில்வர் குண்டானில் தண்ணீர் மொண்டுவந்து நடுவில் வைத்தாள். அண்ணி உருண்டையை மெதுவாக உள்ளே விட்டார். உஸ்ஸென்று சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. மேல்தோல் செதில் செதிலாகப் பிரிந்து கீழே இறங்கியது. மூன்று பேரும் குண்டானைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. தண்ணீர் பால் நிறமானது, உருண்டை இருக்கும் இடம் தெரியாமல் போனது. மகள் ஒருமுறை போனில் மணி பார்த்தாள், பிறகு இன்னொரு முறை பார்த்தாள்.

குண்டான் அடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணி கையை விட்டு எடுத்தார். துருப்பிடித்த சின்னச் சாவி. அதை முந்தானையில் துடைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"இருவத்தாறு நிமிசம்மா."

அண்ணி சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"இவ்ளோ நேரந்தானா" என்றார்.